மீட்கப்பெற்ற படம் நம் வீடுகளுக்கும் வரவேண்டும்

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ ஆகிய மூன்று படங்களும், பெரும்பகுதி தீக்கிரையாகிப்போன மூல நெகடிவ்களின் நிலையிலிருந்து புனருத்தாரணம் செய்யப்பெற்று, 2015-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனத்தால் வீட்டிலிருந்தபடியே பார்ப்பதற்குரிய புளூ-ரே வட்டுகளாக வெளியிடப்பட்டன. அவ்வட்டுகள் ‘ஏ’ மண்டலத்துக்கென்று பூட்டப்பட்டவை. இந்தியாவோ ‘சி’ மண்டலத்தைச் சேர்ந்தது. ஆகவே கல்கத்தாவிலோ மதுரையிலோ வசிக்கும் ரசிகர் ஒருவர் பெருவிலை கொடுத்து அவற்றைத் தருவித்துக்கொண்டாலும், இம்மண்டலத்துக்கென்று செய்யப்பட்ட கருவி அவற்றை ஓட்ட மறுத்துவிடும். நம் நாட்டுப் பொதுப்பணத்தில் உருவான ஒரு படத்தின் மிகச் சிறந்த பிரதி நம் நாட்டு இல்லங்களுக்கு இவ்வாறு அந்நியமாய் நிற்பது நியாயமன்று. மேற்கு வங்க அரசு முன்னின்று, இந்திய மொழிகளில் வசன வரிகளோடு, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஓர் இந்தியப் பதிப்பை வெளியிட வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

பொதுப்பணம் என்று நாம் சொல்வது வெறும் உபசார வார்த்தையன்று. இன்ஷூரன்ஸ் பத்திரத்தை அடகு வைத்தும், அருமையாய்ச் சேர்த்த புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விற்றும், மனைவியின் நகைகளை ஈடு வைத்தும் ராய் தொடங்கிய ‘பதேர் பாஞ்சாலி’ பாதியில் பணமின்றி நின்றபோது, முதலமைச்சர் பி. சி. ராயின் சர்க்கார் கைகொடுத்ததனாலேயே அது 1955-இல் முடிவடைந்தது. குடிமக்களின் வரிப்பணத்தால் பிழைத்த அந்தச் சிருஷ்டியின்மீது அவர்களுக்கு உள்ள உரிமை, பழைய கணக்குப் புத்தகத்தோடு முடிந்துபோகக் கூடியதா?

அந்நியர் செய்த தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. அதை நன்றியோடு நினைப்பவர்க்கே இக்கோரிக்கையின் நியாயம் முழுதும் விளங்கும். ராய் மறைந்த மறு ஆண்டு, 1993 ஜூலையில், பாதுகாப்புப் பணியின் பொருட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டிருந்த அவருடைய மூல நெகடிவ்கள், ஹெண்டர்சன் பிலிம் லாபரட்டரியில் மூண்ட தீயில் அகப்பட்டுக்கொண்டன. கரிந்தும் உருகியும் எஞ்சியவற்றை, ‘இனிப் பிரதியெடுக்க உதவா’ என்ற தீர்ப்புக்குப் பின்னும் எறிந்துவிடாமல், ஏறத்தாழ 20 ஆண்டுகள் அமெரிக்கத் திரைப்பட அகாதெமியின் ஆவணக் காப்பகம் பத்திரமாய் வைத்திருந்தது. பின்பு இத்தாலியின் பொலோனா நகரத்து ‘லிம்மாஜினே ரித்ரொவாத்தா’ கூடத்தில், தொட்டால் ஒடியும் நிலையிலிருந்த சுருள்களைக் கிளிசராலும் அசிட்டோனும் நீரும் கலந்த கரைசலால் நெகிழச் செய்து, சிதைந்த ஓரத் துளைகளை ஒவ்வொன்றாய்ச் சீரமைத்து, உருகி ஒட்டிய நாடாவையும் பசையையும் அகற்றி, ஏறக்குறைய 1,000 மணி நேரம் கையாலேயே உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் பலனாக ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 விழுக்காடும், ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகடிவிலிருந்தே மீண்டன, ‘அபுர் சன்சா’ரின் எஞ்சிய இரண்டு ரீல்கள் மட்டும் பயன்படா நிலையில் இருந்தமையால், அதை முற்றிலும் பிற பிரதிகளைக் கொண்டே சீரமைக்க நேர்ந்தது.

இத்தனை பிரயாசை எதற்கு, கதைதான் பழைய பிரதியிலும் விளங்குகிறதே என்று சிலர் கேட்கலாம். படைகளும் பட்டாபிஷேகங்களும் நிறைந்த படமாயின் கீறலும் மங்கலும் அதன் கம்பீரத்தை அதிகம் பாதிப்பதில்லை. ஒரு வீட்டுக்குள், ஒரு திண்ணையில், ஒரு தாயின் முகமாறுதலில் நிகழும் கதைக்கோ அந்த முகமே சர்வமும். ‘பதேர் பாஞ்சாலி’யில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் கிழவி இந்திர் தாக்ருணிடம் தாய் சர்வஜயா காட்டும் கடுமைக்குள் வறுமையின் வெட்கமும் ஒளிந்திருப்பதை நடிகை கருணா பானர்ஜி கண்களால் மாத்திரமே உணர்த்துகிறார். மங்கிய பிரதியில் எஞ்சுவது கடுமை ஒன்றே. மகள் துர்க்கை இறந்தது அறியாமல் ஊர் திரும்பும் தந்தை ஹரிஹரன் அவளுக்கென்று வாங்கிவந்த புடவையை எடுத்து நீட்ட, சர்வஜயா வாய்விட்டுக் கதறும் அக்கணத்தில் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. தார் ஷெனாயின் நாதமே கதறுகிறது. தேய்ந்த ஒலிப்பாதையின் இரைச்சலில் அந்த நாதம் அமிழ்ந்துபோகுமானால், அக்காட்சியின் உயிரே போயிற்று. ‘அபராஜிதோ’வின் காசி வீட்டு முற்றத்துக்காக, மேலே துணியை விரித்துக் கட்டி அதில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டே ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா படம்பிடித்த அந்த மென்மையும், நல்ல பிரதியில்லாமல் புலப்படக் கூடியதன்று.

படத்துக்கு உரிய ஸ்தானம் திரையரங்கமே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊர்த் திரையரங்கு இப்படங்களை ஆண்டுதோறும் திரையிடுகிறது? குடும்பத்தின் கதையைக் குடும்பமாய் அமர்ந்து பார்ப்பதிலும், நெஞ்சு கனத்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வதிலும் தவறொன்றும் இல்லை. இணையத்தில் கிடைத்தால் போதாதா என்பாருக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே இன்றுள்ள படம் ஒப்பந்தம் தீர்ந்தால் நாளை மறைந்துவிடும், விலைக்கு வாங்கிய வட்டு நம் அலமாரியில் இருக்கும், ஊர் நூலகத்திலும் இருக்கும். பழுதுபார்ப்பதாகச் சொல்லிப் படச்சுருளின் இயல்பான மணித்தன்மையையும் அழித்து, முகங்களை மெழுகுபோல் வழவழப்பாக்கிவிடும் பதிப்புகள் உலகில் உண்டு என்பது உண்மையே. ஆதலால் இந்தியப் பதிப்பு புதிய கைவரிசை எதற்கும் இடந்தராமல், 2015-இன் மீட்பையே முதலாகக் கொள்ளட்டும்.

செய்யவேண்டியது அசாத்தியமானதன்று. ‘பதேர் பாஞ்சாலி’ வங்க அரசின் தயாரிப்பு. மற்ற இரண்டின் உரிமையாளரோடும், மீட்புப் பணி செய்த நிறுவனங்களோடும் இணக்கம் பேச அவ்வரசைவிடத் தகுதி வாய்ந்தவர் வேறெவரும் இலர். ‘பதேர் பாஞ்சாலி’க்கு மூலமான விபூதிபூஷணின் நாவலைத் தம் மொழியிலேயே படித்து உருகிய தமிழ் வாசகர்களுக்குப் படத்தின் வசனத்தை ஆங்கில வரிகளின் வழியே அறிய வேண்டிய நிர்ப்பந்தம் இருக்கலாகாது. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் வசன வரிகளை எழுதும் பணியை நல்ல மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். 1964-இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இதில் துணைநிற்கலாம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வாங்க மாநில அரசுகள் உத்தரவிடலாம். இதற்கான முதல் கடிதம் கல்கத்தாவிலிருந்து இவ்வாண்டே புறப்பட வேண்டும்.