ஒன்று... இரண்டு... மூன்று!

கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று விநாடி சும்மா இருங்கள். ஆச்சா? இவ்வளவு நேரத்தைத்தான் நம் வகுப்பறைகள் பிள்ளைகளுக்குத் தர மறுக்கின்றன.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியை, 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு விநாடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பையன். இல்லையென்றால் டீச்சரே சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். செலவு? சல்லிக்காசு இல்லை.

நான் காமர்ஸ் குரூப். 'கடனுக்குச் சரக்கு வாங்கினா எதைப் பற்று வைக்கணும்?' என்பார் சார். இதில் எந்தெந்தக் கணக்கு வருகிறது, ஒவ்வொன்றும் எந்த வகை, அதற்கு என்ன விதி என்று நான் படியேறிக்கொண்டிருப்பேன். முதல் பெஞ்ச் ஆசாமி 'கொள்முதல் கணக்கு சார்!' என்று கத்திவிடுவான். சார் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மூன்றாவது பெஞ்சில் இருந்த எனக்கு 'மந்தம்' என்று பெயர். அதை நானே நம்பினேன் என்பதுதான் கொடுமை.

நம் ஊரில் மாற்றம் என்றால் பிரமாண்டமாக இருந்தாக வேண்டும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை! அருமையான விஷயம். அதை 2007-ல் மாநிலம் முழுக்க ஒரே மூச்சில் கொண்டுபோனார்கள். 2010-ல் சமச்சீர், 2012-ல் முப்பருவம், 2022-ல் 'எண்ணும் எழுத்தும்'. எதையும் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால், ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, பதிவேடு, படிவம் என்று ஆசிரியரை விரட்டுகிற நாம், அவருடைய கேள்விக்கும் பிள்ளையின் பதிலுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு விநாடியை எப்போது தொடப்போகிறோம்?

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை! எந்த இடத்தில் முழித்தார்கள், எந்தக் கேள்வி புரியவில்லை என்று பேசி, அந்த இடத்தை மட்டும் திருத்துகிறார்கள். ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்கள். நம் ஊரில் இன்னொருத்தர் வகுப்புக்குள் வந்தால் அதற்குப் பெயர் இன்ஸ்பெக்‌ஷன். சாருக்கே வியர்த்துவிடும்.

'போர்ஷனை யார் முடிக்கிறதாம்?' என்று ஆசிரிய நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பி.காம். படித்தவன், கணக்குப் பார்க்காமல் விடுவேனா? ஒரு பீரியடுக்கு இருபது கேள்வி. கேள்விக்குக் கூடுதலாக இரண்டு விநாடி. மொத்தம் நாற்பது விநாடி. அட்டெண்டன்ஸ் எடுக்க இதைவிட அதிகம் ஆகிறது, ஐயா! பிள்ளைகளின் பதில் நீண்டு நேரம் போனால்? போகட்டுமே, வேறு எதற்குப் பள்ளிக்கூடம்?

சரி, ஆசிரியரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? வீட்டில் நீங்கள் எத்தனை விநாடி பொறுக்கிறீர்கள்? என் யோக்கியதையைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்த அன்று ராத்திரி, 'ஐஸ் ஏம்மா தண்ணியில மிதக்குது?' என்று என் பெண்ணிடம் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

"போப்பா... நான் யோசிச்சிட்டு இருந்தேன்" என்றாள்.