கதை நல்லா இருக்கு என்று சொல்லாதீர்கள்

மாதத்துக்கு ஒருமுறையாவது இந்த வாக்கியம் கண்ணில் பட்டுவிடுகிறது: "இது வெறும் கேம் இல்லை, ஒரு நல்ல நாவல் படித்த அனுபவம்." எழுதுகிறவர் பாராட்டுவதாக நினைத்துத்தான் எழுதுகிறார். நல்ல வாசகர், ரசனையிலும் குறை சொல்ல முடியாது. சமீபத்தில் விளையாடி முடித்த நாலைந்து கேம்களைப் பற்றி நண்பர்களிடம் சொல்ல வருகிறார். கதை செம, கிராஃபிக்ஸ் வேற லெவல், கிளைமாக்ஸில் அழுதுட்டேன், முப்பது மணி நேரம் போனதே தெரியலை. அதோடு முடிந்துவிடுகிறது. அந்த முப்பது மணி நேரமும் அவருடைய கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பரதநாட்டியம் பார்த்துவிட்டு வந்து "பாட்டு வரிகள் பிரமாதம்" என்று மட்டும் சொன்னால் ஆடியவருக்கு எப்படி இருக்கும்? கேம்களைப் பற்றி நாம் எழுதுவது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு கேம் நமக்கு என்ன சொல்கிறது என்பதைவிட நம்மை என்ன செய்ய வைக்கிறது என்பதுதான் முக்கியம். இதைப் பேசாத எழுத்து, கேம் விமர்சனம் என்ற பெயரில் வரும் கதைச் சுருக்கம். இது ஏதோ ரசனைத் தகராறு என்று நினைக்காதீர்கள். இப்படியே எழுதிப் பழகினால் நல்ல கேம் எங்கே நல்லது என்பதும் தெரியாது, கெட்ட கேம் எங்கே நம்மைக் கெடுக்கிறது என்பதும் தெரியாது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். (முடிவைச் சொல்லப்போகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013இல் கேமாக வந்தது. 2023இல் எச்பிஓ தொடராக வந்தது. தொடர் வந்தபோது கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரே பெருமை. பார்த்தீங்களா, எங்க கதை டிவிக்கே வந்துடுச்சு!

இரண்டிலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். எல்லி என்ற சிறுமியை அறுவை சிகிச்சை அறையில் மயக்கத்தில் கிடத்தியிருக்கிறார்கள். அவளிடமிருந்து உலகத்துக்கே மருந்து கிடைக்கலாம், ஆனால் அவள் பிழைக்கமாட்டாள். அவளை மகளாகவே நினைக்கத் தொடங்கிவிட்ட ஜோயல், வழியில் வருகிறவர்களை எல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டு அங்கே வருகிறான். தொடரில் அவன் மருத்துவரைச் சுடுவதை நாம் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறோம். "அடப்பாவி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கேமில் அந்த மருத்துவர் சிறு கத்தியோடு குறுக்கே நிற்கிறார். நாம் சும்மா நின்றால் அவரும் நிற்கிறார். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கதை நகராது. அவரைக் கொன்றால்தான் எல்லியைத் தூக்க முடியும், கன்ட்ரோலர் இருப்பதோ நம் கையில். அதே அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் கொல்ல முடியும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கதை அதே கதைதான். ஆனால் தொடர் ஜோயலைப் பற்றிக் கேள்வி கேட்கிறது, கேம் உங்களைப் பற்றிக் கேட்கிறது. "கதை அருமை" என்று எழுதியவர் இந்த வித்தியாசத்தைத்தான் விட்டுவிட்டார்.

நாம் ஏன் இப்படி எழுதுகிறோம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது நம் தாழ்வு மனப்பான்மை. அமெரிக்கத் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010இல், வீடியோ கேம்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது இது: விளையாட்டில் விதிகள் இருக்கின்றன, புள்ளிகள் இருக்கின்றன, வெல்லலாம், கலையை வெல்ல முடியாது, அனுபவிக்கத்தான் முடியும். உலகமே கொதித்தது. கொதித்தவர்களில் பெரும்பாலானோர் கொடுத்த பதில் என்ன? "இல்லை சார், இந்தக் கேமில் கதை இருக்கு, பாத்திரங்கள் இருக்கு, இசை இருக்கு." அதாவது, விதிகளில் கலை இல்லை என்று அவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு, மிச்சம் மீதியைத் தூக்கிக் காட்டினார்கள். வாதாட வந்த வக்கீலே கேஸை எதிர்க்கட்சிக்கு எழுதிக்கொடுத்த மாதிரி.

விதிகளால் பேச முடியும் என்பதற்கு ஆதாரம் தேடி எங்கேயும் போக வேண்டாம், பாட்டி வீட்டுப் பரணில் இருக்கும் பல்லாங்குழியை எடுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஏழு குழி. ஊருக்கு ஊர் ஆட்டமுறை மாறும், ஆனால் பரவலாக உள்ள முறை இதுதான்: ஒரு சுற்று முடிந்ததும் தோற்றவரிடம் ஏழு குழியையும் நிரப்பும் அளவுக்கு முத்துக்கள் இருக்காது. நிரப்ப முடிந்த குழிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அடுத்த சுற்றை ஆட வேண்டும். குழி குறைந்தால் வாய்ப்பும் குறையும். இருப்பவனிடம் இன்னும் சேர்கிறது, இழந்தவன் இன்னும் இழக்கிறான். கதை கிடையாது, பாத்திரம் கிடையாது, ஒரு வசனம்கூடக் கிடையாது. கடன் எப்படி வேலை செய்கிறது என்பதை விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது அந்தப் பலகை.

இதையே தெரிந்து செய்த ஒரு வீடியோ கேம் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. 2013இல் வந்தது, லூகாஸ் போப் ஏறக்குறைய தனியாளாக உருவாக்கியது. 1982, அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு. நீங்கள் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. கதை என்று எழுதினால் இரண்டு வரிதான், "சர்வாதிகார நாட்டில் ஓர் எளிய மனிதனின் போராட்டம்" என்று பின்னட்டை வாசகம் போல முடிந்துவிடும். அதைப் படித்து யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

கை செய்வதைப் பாருங்கள். மேசை சிறியது. பாஸ்போர்ட், நுழைவு அனுமதி, வேலை அனுமதி, விதிப் புத்தகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஒன்றைத் தேடினால் இன்னொன்று மறையும். ஒவ்வொரு நாளும் ஒரு புது விதி சேரும். எத்தனை பேரை முடித்து அனுப்புகிறீர்களோ அதற்குத்தான் கூலி. இரண்டு தவறுவரை எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து என்று வரிசையாக நிற்கும். மனைவி, மகன், மாமியார், மாமா ஆகியோரின் பெயருக்கு எதிரே "பசி", "குளிர்", "நோய்" என்று எழுதியிருக்கும்.

இந்த நிலையில் ஒரு நாள் ஒருவர் வருகிறார். காகிதம் எல்லாம் சரி. போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்து வரும் பெண்ணிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

இதை ஒரு சிறுகதையில் படித்தால் நாம் எல்லோருமே அந்தப் பெண்ணின் பக்கம்தான். இலக்கிய வாசகர்கள் ஆயிற்றே! கேமில் உங்கள் மனசு முதலில் போடும் கணக்கு வேறு: இன்றைக்கு எத்தனை தவறு ஆகியிருக்கிறது? இரண்டா, ஒன்றா? ஒன்று என்றால் கருணை இலவசம். இரண்டு என்றால் காசு. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கு ஓடி முடிந்திருக்கும். அதிகாரத்துக்குப் பணிகிற சாதாரண மனிதர்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம். நம் தலைக்குள் அந்தக் குமாஸ்தா உருவாவதைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொடுப்பது இந்தச் சின்ன மேசைதான். சின்னதாக இருக்கிறதே, அதுதான் கலை.

சரி, சொற்களாலேயே ஆன கேம்கள்? 'டிஸ்கோ எலிசியம்' மாதிரி? எஸ்டோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் உருவாகி 2019இல் வந்தது. படிக்கப் படிக்கத் தீராத வசனம். நாவல் என்று சொல்ல ஏதாவது ஒரு கேமுக்கு உரிமை உண்டென்றால் இதற்குத்தான் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அதில் நாயகனின் மூளைக்குள் 24 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். நீங்கள் எதற்குப் புள்ளி கொடுத்தீர்களோ அது அதிகம் பேசும், தப்பாகவும் பேசும். தன்னம்பிக்கையோடு காதில் ஓதுகிற குரலை நம்பிப் போய் அசிங்கப்பட்டு நிற்பீர்கள். அந்தக் குரலை வளர்த்தது யார்? நீங்கள்தான், ஆரம்பத் திரையில். இரண்டு பகடை உருளும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. அந்த உரைநடையின் பாதி பலம் பகடையிலிருந்து வருகிறது.

நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வைச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் கனடாவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், மகன் கவின். 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. தமிழில் அதைப் பற்றி வந்த குறிப்புகளில் நான் பார்த்தவை எல்லாம் அம்மா பாசம், புலம்பெயர் வலி, பின்னணியில் நம்ம பாட்டு என்பதோடு நின்றன. கை செய்வது என்ன? கிழிந்து, கறைபட்ட சமையல் குறிப்பில் விடுபட்ட படியை ஊகித்து இட்லி ஊற்றுகிறோம், புட்டு அவிக்கிறோம். தப்பினால் மறுபடி முதலிலிருந்து, நஷ்டம் எதுவும் இல்லை. பல அத்தியாயங்களில் துக்கம் உரையாடலிலும் நிம்மதி அடுப்படியிலும் தனித்தனியாக ஓடுகின்றன. இது குறைதான், நம்ம ஊர் கேம் என்பதற்காகச் சொல்லாமல் விடக் கூடாது.

ஆனால் மகன் வருகிறான் என்று வெண்பா விருந்து சமைக்கும் அத்தியாயத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை பதார்த்தங்களை நாம்தான் செய்து முடிக்கிறோம். மகன் வரவில்லை. அங்கே அழுதவர்கள் கதைக்காக மட்டும் அழவில்லை. வேலை செய்த கை அது. தட்டுகள் அப்படியே இருப்பதைப் பார்த்து அந்தக் கைக்குத்தான் முதலில் வலிக்கிறது. இதைச் சொல்லாமல் "அம்மா பாசம்" என்று எழுதுவது அந்தக் கேமை உருவாக்கியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி, இதில் ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன், தங்கை கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்பக்கம் நின்று ஒரு மொபைல் கேமின் தினசரி வேலைகளை முடித்துவிட்டு வந்தான். "விட்டா இன்னைக்குரியது போயிடும்ணே." கதை எப்படிடா என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வான். உண்மையாகவே நல்ல கதை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நேற்று வந்தவர்களில் எத்தனை பேர் இன்று திரும்பி வந்தார்கள் என்பது எங்கள் தொழிலில் காலைக் காபியோடு பார்க்கும் எண். அந்த எண்ணை உயர்த்தவென்றே விதிகள் எழுதப்படுகின்றன. 2012இல் வந்த 'கேண்டி க்ரஷ்' ஐந்து உயிர் கொடுத்தது. தீர்ந்தால் ஓர் உயிருக்கு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. 2020இல் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்'டில் உயர்ந்த வகைப் பாத்திரங்கள் குலுக்கலில்தான் பெரும்பாலும் கிடைக்கும். தொடர்ந்து கிடைக்காவிட்டால் 90ஆவது குலுக்கலிலாவது ஐந்து நட்சத்திரப் பரிசு ஒன்று உறுதி. ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட பாத்திரம்தான் அது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் கேமின் நிலக்காட்சி அழகு, இசை அழகு, புராணம் போல விரியும் பின்கதை அழகு. நம் வழக்கமான மதிப்புரையில் நூற்றுக்கு நூறு. 89ஆவது குலுக்கலில் நிற்கிறவனின் கட்டைவிரலைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை.

ஒரு கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று செய்தி வந்தால் நாம் தேடுவதும் கதையைத்தான். ரத்தம் இருக்கிறதா, துப்பாக்கி இருக்கிறதா? மிட்டாய்களை அடுக்கும் கேமில் இரண்டும் இருக்காது. இலக்கியம் படிக்கிற நாமும் இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் பெற்றோர்களையும் தொலைக்காட்சி விவாதக்காரர்களையும் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

அதனால் அடுத்த முறை சமீபத்தில் விளையாடியதைப் பற்றி எழுத உட்காரும்போது கதைச் சுருக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்தக் கேமில் நான் மறுபடி மறுபடி செய்த செயல் எது? அதற்கு எனக்குக் கிடைத்த கூலி என்ன? எதைச் செய்ய நினைத்து, விடவில்லை? நிறுத்த நினைத்த இடத்தில் என்னை யார், எதைக் காட்டிப் பிடித்து வைத்தார்கள்? இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'க்கு ஒரு விதமான கட்டுரை வரும், தம்பி ஆடும் கேமுக்கு வேறு விதமான கட்டுரை வரும். முதலாவதை நண்பர்களுக்கு அனுப்புங்கள். இரண்டாவதைத் தம்பிக்கு அனுப்புங்கள், கதை நல்லா இருக்கு என்று அவன் எத்தனை முறை சொன்னாலும்.