கூட்டுக்குப் பக்கத்துல போனை நீட்டாதீங்க

1/ பூங்காவுக்குப் போனா பறவை, பூச்சி, அணில்னு படம் எடுக்குற பழக்கம் நம்ம ஊர்ல நல்லா பரவிட்டு வருது. நல்ல விஷயம், நானும் எடுப்பேன். ஆனா ஒண்ணை மட்டும் நாம எல்லாரும் நிறுத்தணும்னு நினைக்கிறேன்: கூட்டுல உக்காந்திருக்குற பறவையை போன்ல படம் எடுக்குறது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ நான் பறவை நிபுணர் இல்ல. அரசு மருத்துவமனையில வேலை பாக்குற எம்.பி.பி.எஸ் டாக்டர். நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில பூங்காவுல அரை மணி நேரம் நடப்பேன். கையில இருக்கிறது சாதாரண போன்தான். அதனால லட்ச ரூபாய் லென்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு இது பாடம் இல்ல. நம்மள மாதிரி ஆளுங்களுக்காக எழுதுறேன்.

3/ முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்குவோம். சென்னை கதீட்ரல் சாலையில இருக்குற செம்மொழிப் பூங்கா சுமார் 20 ஏக்கர். ஒரு காலத்துல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம். 2010-ல பூங்காவாச்சு. நகரத்துப் பூங்காக்கள் பெரும்பாலும் இப்படித்தான். நாலு பக்கமும் ரோடு, நடுவுல கொஞ்சம் பச்சை. இங்க கூடு கட்டுற பறவைக்கு நம்மகிட்ட இருந்து ஒதுங்கிப் போக அதிக இடம் கிடையாது.

4/ தேன்சிட்டை எடுத்துக்குவோம். நார், சருகு, சிலந்தி வலை எல்லாம் சேத்து ஒரு சின்னப் பை மாதிரி தொங்குற கூடு கட்டும். பல சமயம் நம்ம தோள் உயரத்துலயே இருக்கும். ரெண்டு முட்டை. பொரிக்க ஏறக்குறைய ரெண்டு வாரம், குஞ்சு பறந்து போக இன்னும் ரெண்டு வாரம். மொத்தத்துல ஒரு மாசம்தான். அந்த ஒரு மாசம் நாம தள்ளி நின்னா போதும்.

5/ ஆனா நடக்குறது வேற. போன்ல ஜூம் பண்ணா படம் கலங்கிடும். அதனால கிட்டப் போறோம். கை எட்டுற தூரத்துல போனை நீட்டுறோம். தாய் பறந்து போயிடுது. "பரவால்ல, திரும்ப வரட்டும்"னு அங்கயே நிக்கிறோம். நாம நிக்கிற வரைக்கும் அது வராது. பக்கத்துக் கிளையில உக்காந்து கத்திக்கிட்டே இருக்கும். அந்தக் கத்தலை வீடியோ எடுத்து "க்யூட்"னு போடுறோம். அது க்யூட் இல்லீங்க, பதட்டம்.

6/ "நான் ஒருத்தன் ரெண்டு நிமிஷம் எடுத்தா என்ன ஆயிடும்?" கணக்கு போடுவோம். ஞாயித்துக்கிழமை 40 பேர், ஆளுக்கு ரெண்டு நிமிஷம். 80 நிமிஷம் தாய் கூட்டுல இல்ல. மே மாச வெயில்ல அந்த முட்டையோ, இன்னும் இறகு முளைக்காத குஞ்சோ என்ன ஆகும்னு யோசிங்க. ஒவ்வொருத்தருக்கும் அது ரெண்டு நிமிஷம். கூட்டுக்கு 80 நிமிஷம்.

7/ இதையேதான் பிரசவ வார்டுல தினமும் பாக்குறேன். பொறந்து சில மணி நேரம் ஆன குழந்தை. உடம்புச் சூடு குறையக் கூடாதுன்னு நர்ஸ் அக்கா நல்லா துணி சுத்தி அம்மா பக்கத்துல படுக்க வெச்சிருப்பாங்க. பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் துணியை விலக்கி ஒரு படம் எடுப்பாங்க. எல்லாருமே பாசத்துல வர்றவங்கதான். "ஒரே ஒரு போட்டோ டாக்டர்"னுதான் கேப்பாங்க. கடைசியில குழந்தையோட கால் சில்லுன்னு ஆகியிருக்கும். வார்டுலயாவது வெளிய போங்கன்னு சொல்ல நாங்க இருக்கோம். கூட்டுக்கு யாரு இருக்கா?

8/ இன்னொரு தப்பு: படத்துல கூடு தெளிவா தெரியணும்னு முன்னாடி இருக்குற இலையைக் கிள்ளுறது. அந்த இலைதான் அதுக்குக் கூரை, கதவு எல்லாமே. நீங்க போனப்புறம் வெயில் நேரா அடிக்கும். காக்காவுக்கும் செம்போத்துக்கும் கூடு நல்லா தெரியும். படம் சூப்பரா வந்திருக்கும். குஞ்சு இருக்காது.

9/ சட்டம் என்ன சொல்லுதுன்னு பலருக்குத் தெரியாது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல "வேட்டை"ங்கிற சொல்லுக்குக் கொடுத்திருக்குற விளக்கத்துலயே, காட்டுப் பறவையோட முட்டையையும் கூட்டையும் தொந்தரவு பண்றதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினாதான் வேட்டைன்னு நினைக்காதீங்க.

10/ "அப்போ பசங்களுக்கு ஆர்வம் எப்படி வரும்?" நியாயமான கேள்வி. போனுக்கு ஏத்த உயிர்கள் நிறைய இருக்கு. தும்பியில ஆரம்பிங்க. பறந்து போனாலும் பல தும்பிகள் அதே குச்சிக்கே திரும்ப வந்து உக்காரும். துரத்தாம நின்ன இடத்துல நில்லுங்க. காலையில வெயில் ஏற ஆரம்பிக்கிற நேரம், வண்ணத்துப்பூச்சி சிறகை விரிச்சு வெயில் காயும். அப்போ போன் கேமராவே போதும்.

11/ எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்க, வெந்தய வரியன் புழு இருக்கலாம். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடியில எலுமிச்சை அழகியோட புழு. சின்னதா இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அப்புறம் பச்சையாயிடும். இதை ஒரு பையன் வாராவாரம் படம் எடுத்தான்னா, பாடப்புத்தகத்துல இருக்குற வாழ்க்கைச் சுழற்சி அவனோட போன்லயே இருக்கும். தொட வேண்டாம், இலையைப் பறிக்க வேண்டாம்.

12/ டாக்டரா ஒண்ணு சொல்லியாகணும். பூங்காவுல பாம்பு தெரிஞ்சா படத்துக்காகப் பின்னாடி போகாதீங்க. யாரையாவது கடிச்சிருந்தாலும் பாம்பைத் தேடிப் படம் எடுத்துட்டு வரத் தேவையில்ல. நம்ம நாட்டுல போடுற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்து ஒரே மருந்து. கண் இமை இறங்குதா, 20 நிமிஷத்துல ரத்தம் உறையுதா, இதையெல்லாம் பாத்துதான் நாங்க முடிவு பண்ணுவோம். படம் எடுக்குற நேரத்துல 108-ஐக் கூப்பிடுங்க. கயிறு கட்டாதீங்க, கடிச்ச இடத்தைக் கீறாதீங்க.

13/ பூங்கா நடத்துறவங்களுக்கும் ஒரு கோரிக்கை. "புல்தரையில் நடக்காதீர்"னு பத்து போர்டு வைக்கிறீங்க. கூடு இருக்குற செடியைச் சுத்தி ஒரு மாசத்துக்கு ஒரு கயிறும் ஒரு போர்டும் வைக்கலாமே? கிளை வெட்டுறதுக்கு முன்னாடி கூடு இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. எருக்கு, களைன்னு எல்லாத்தையும் பிடுங்காம ஒரு மூலையை அப்படியே விடுங்க. அந்த மூலையிலதான் நல்ல படங்கள் கிடைக்கும்.

14/ ஏற்கனவே எடுத்த கூட்டுப் படம் போன்ல இருந்தா வெச்சுக்கோங்க. ஆனா குஞ்சு பறந்து போற வரைக்கும் இடத்தோட பேர் போட்டுப் பகிராதீங்க. ஒரு போஸ்ட் போட்டா அடுத்த ஞாயிறு அங்க இன்னும் 40 பேர் நிப்பாங்க.

15/ உங்களைப் பாத்து ஒரு பறவை கூட்டை விட்டுப் பறந்துச்சுன்னா, நீங்க ஏற்கனவே ரொம்ப கிட்டப் போயிட்டீங்கன்னு அர்த்தம். அப்படியே ரெண்டு கையாலயும் போனை இறக்கிட்டு பின்னாடி நடங்க. அதுக்கு மேல எந்த விதியும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்.

உங்க ஊர் பூங்காவுல எடுத்த தும்பி, வண்ணத்துப்பூச்சி, சிலந்தி படங்களைக் கீழ போடுங்க. டூட்டி முடிஞ்சு வந்து எல்லாத்தையும் பாக்குறேன்.