ஓடும் இயந்திரத்துக்கு ஆட்குறைப்பு நோட்டீஸா?

பஞ்சாலைத் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். பிளஸ் டூ படிக்கும்போது மகளுக்குச் சர்க்கார் கொடுத்த மடிக்கணினி அவர் வீட்டில் இருக்கிறது. திரை நன்றாயிருக்கிறது, சாவிகள் நன்றாயிருக்கின்றன. ஆனால் கடைக்காரர், "இதன் காலம் முடிந்தது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டாராம். புதிது என்றால் தோழரின் இரண்டு மாதச் சம்பளம்!

காலம் முடிந்தது எதற்கு? இயந்திரத்துக்கு அல்ல. 2015-ல் வந்த 'விண்டோஸ் 10'-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது. கேட்டவர்களுக்கு ஒரு வருஷத் தவணை கொடுத்தது, அவ்வளவுதான். 'விண்டோஸ் 11' வேண்டுமென்றால், கம்பெனி ஒப்புக்கொண்ட பிராசஸரும் அது கேட்கும் பாதுகாப்பு வசதியும் வேண்டுமாம். 2018-க்கு முந்திய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை வெளியே நிற்கின்றன. ஓடுகிற இயந்திரத்துக்கே ஆட்குறைப்பு நோட்டீஸ்!

தோழர்களே, இதற்கு வழி உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது ஆலையின் மேஸ்திரியைப் போல. எந்த வேலை எப்போது நடக்க வேண்டுமென்று அதுதான் ஏவுகிறது. ஒரே இயந்திரத்தில் இரண்டு ஷிப்டுக்கு இரண்டு மேஸ்திரிகள் இருக்கலாம். கணினியைத் திறக்கும்போது யாருடைய ஷிப்டு என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

அந்த இரண்டாவது மேஸ்திரி லினக்ஸ். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய சுதந்திர மென்பொருள் முயற்சியும், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருவும் சேர்ந்து வளர்ந்தது அது. யாரும் அதைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதுவே சோஷலிசம் என்று நாம் சொல்லவில்லை. பெரும் கம்பெனிகளும் அதை வைத்து லாபம் சேர்க்கின்றன. ஆனால் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போக எவராலும் முடியாது.

கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷங்களாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் சர்க்கார் 2011 முதல் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை; தூங்கிக் கிடந்தது.

செய்யும் முறை கடினமல்ல. முதலில் புகைப்படம், சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு வகையை ஏற்றுங்கள். அதில் முன்பிருந்தது அழிந்துவிடும். பென் டிரைவிலிருந்தே கணினியை ஓட்டிப் பார்க்கலாம். இணையம், ஒலி எல்லாம் சரியாக இருந்தால் மேலே செல்லுங்கள்.

நிலத்தில் வரப்புப் போட்டு இரண்டாக்குவதுபோல் வட்டில் 30 ஜி.பி.யாவது பிரிக்க வேண்டும். 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'வட்டு முழுவதையும் அழி' என்பதைத் தொட்டால் வரப்பும் போகும், பயிரும் போகும்! சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

விண்டோஸில் மட்டுமே நடக்கும் சில வேலைகள் உண்டு. அதற்காக அது இருக்கட்டும். பாங்கி வேலையையும் இணையத்தையும் லினக்ஸ் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோழரின் மடிக்கணினியைச் சங்க ஆபீசில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடித்தோம். அவர் மகளே செய்தாள்; நாம் கூட இருந்தோம். இப்போது அவளுக்கு அது தெரியும். ஒவ்வொரு சங்க ஆபீசிலும் ஒரு ஞாயிறு ஒதுக்குவோம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்போம். இயந்திரத்தை எப்போது நிறுத்துவதென்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அதை ஓட்டுபவர்களே!