கரண்ட் வந்தது, கடை திறக்கவில்லை!

உங்கள் வீட்டில் பொழுது விடிகிற அழகைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றியாக வேண்டும். பால் வந்தாக வேண்டும். டிகாக்ஷன் இறங்கியாக வேண்டும். இதில் ஒன்று முன்பின்னாகப் போனால் காபி கிடையாது. வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பும் கிடையாது. இந்த வாரம் நான் சொல்லப் போவது கம்ப்யூட்டர் சமாசாரம். பயந்துகொண்டு தொடர்கதைப் பக்கத்துக்கு ஓடிவிடாதீர்கள். இதுவும் காபி விவகாரம்தான்.

குரோம்பேட்டை ராதா நகரில் என் சித்தி இருக்கிறாள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கேரியரில் அனுப்புவது அவள் தொழில். பிள்ளைகள் அங்கிருந்தபடியே சித்தியின் இணையப் பக்கத்தில் முதல் நாள் இரவு ஆர்டர் பதிந்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தைக் கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதனுள் ஓடும் புரோகிராமுக்கு 'வெப் சர்வர்' என்று பெயர். பந்தியில் பரிமாறுகிறவள் என்று வைத்துக் கொள்ளுங்களேன். சித்தி வீட்டில் பரிமாறுவது 'எஞ்ஜின்-எக்ஸ்'. ருஷ்யாக்காரர் ஈகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தியின் மகன் நிறுவிக் கொடுத்தான்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை உங்களுக்கு மறந்திருக்காது. பக்கத்தில் விமான நிலையத்து ஓடுபாதையே தண்ணீரில் மூழ்கி, விமானங்கள் நின்ற தினம் அது. சித்தி வீட்டிலும் கரண்ட் போயிற்று. இரண்டு நாள் கழித்து ராத்திரி வந்தது. கம்ப்யூட்டர் தானாகவே விழித்துக்கொண்டது. பச்சை விளக்கும் எரிந்தது. சித்தி நிம்மதியாகப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு ஆர்டர்கூட இல்லை. 'பாவம், எல்லோரும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்' என்று சித்தி அடுப்பை மூட்டவில்லை. பகல் ஒரு மணிக்கு டெலிபோன் வந்தது. நியூ காலனியில் தனியாக வசிக்கும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா.

"இன்னிக்குச் சமையல் இல்லையாம்மா? காத்துண்டிருந்தேன்."

மகள் அமெரிக்காவிலிருந்து இரவெல்லாம் முயன்றும் பக்கம் திறக்கவில்லையாம். டீச்சரம்மா காலையிலிருந்து நாலு பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்த மாவில் தோசை வார்த்து, தானே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இந்தக் கோளாறு புதிதல்ல. ஒவ்வொரு மின்வெட்டுக்கும் நடப்பதுதான். மகனைக் கூப்பிட்டால் டெலிபோனிலேயே ஒரு கட்டளை சொல்வான். தட்டினால் சர்வர் ஓட ஆரம்பித்துவிடும். அவன் ஊருக்கு வரும்போது கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்ப்பான். சமர்த்தாக எழுந்திருக்கும். "நான் பார்க்கறப்போ நன்னாத்தானேம்மா இருக்கு!" என்பான். பல் டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நிற்கிற மாதிரி!

இந்தத் தடவை மாடியில் குடியிருக்கும் எம்.ஐ.டி. மாணவி இறங்கி வந்தாள். (1949-ல் சி. ராஜம் தொடங்கிய அதே கல்லூரி. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். குரோம்பேட்டைக்காரர்கள் இதை நாள்தோறும் ஒரு தடவை சொல்லாமல் விடமாட்டார்கள்.)

அவள் எடுத்த எடுப்பில் எதையும் அழித்து மறுபடி நிறுவவில்லை. அதற்கே ஒரு சபாஷ். "கம்ப்யூட்டர் எழும்போது நீயும் எழு" என்ற உத்தரவு சர்வருக்கு இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பல இடங்களில் இந்த உத்தரவைக் கொடுக்க மறந்துவிடுவார்களாம். இங்கே இருந்தது. அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழையா? அப்படியானால் கையால் எழுப்பினாலும் எழுந்திராதே! வேறு புரோகிராம் ஏதாவது முந்திக்கொண்டு அதே வாசலில் உட்கார்ந்துவிட்டதா? அதுவும் இல்லை.

"அம்மா, இது டைரி எழுதுகிற யந்திரம். அதையே கேட்போம்" என்று, கரண்ட் வந்த இரவின் குறிப்பைத் திறந்தாள். ஒரே வரியில் குட்டு வெளிப்பட்டது: கேட்ட முகவரியில் உட்கார முடியவில்லை.

விஷயம் இதுதான். வீட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுப்பது ரவுட்டர் பெட்டி. மகன் அந்த முகவரியைக் குறிப்பிட்டு, 'இங்கேதான் உட்கார வேண்டும்' என்று சர்வருக்கு எழுதி வைத்திருந்தான். கரண்ட் வந்ததும் இரண்டும் ஒன்றாக விழிக்கின்றன. சித்தியின் ரவுட்டரோ கிழம். தயாராக மூன்று நிமிஷமாகும். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் காத்துப் பார்க்கிறது. பிறகு சர்வரை எழுப்பிவிடுகிறது. முகவரி இல்லை, சர்வர் படுத்துவிடுகிறது. பால் வருமுன் அடுப்பைப் பற்றவைத்த கதை! மகன் சோதித்த போதெல்லாம் ரவுட்டர் அணையாமலே இருந்தது. அப்புறம் குற்றம் எப்படித் தெரியும்?

வைத்தியம் இரண்டு வரிதான். குறிப்பிட்ட முகவரியை எடுத்துவிட்டு, 'எந்த முகவரி வந்தாலும் சரி' என்று மாற்றினாள். 'விழுந்தால் பதினைந்து விநாடி கழித்து மறுபடி எழுப்பு' என்றும் சேர்த்தாள். அந்த இடைவெளி முக்கியம். எழுப்புகிற வேலையைச் செய்யும் 'சிஸ்டம்-டி', பத்து விநாடிக்குள் ஐந்து தடவை முயன்று பார்த்தால் கைவிட்டுவிடும். வழக்கமான ஏற்பாடு அப்படி.

உலகத்தின் முதல் வெப் சர்வர் 1990-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் மேஜை மேல் இருந்தது. யாரும் அதை அணைத்துவிடக் கூடாதென்று அவர் சிவப்பு மையில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். நம் ஊர்ப் புயல் சீட்டைப் படித்துவிட்டா வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சை. கம்ப்யூட்டரை முறையாக மூடிவிட்டு, மெயின் சுவிட்சையே அணைத்தார்கள். மின்விசிறி நின்ற கோபத்தில் பின்போர்ஷன்காரர் எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் கழித்து சுவிட்சைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் விழித்தது, ரவுட்டர் சிமிட்டியது. யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு மாணவியின் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கம் திறந்தது. மறுநாளைய ஆர்டரில் முதல் பெயர் டீச்சரம்மாவுடையது. 'ரசத்தில் காரம் கொஞ்சம் குறைக்கவும்' என்று மகள் எழுதியிருந்தாள்.