கிணற்றில் ஆளை இறக்காதீர்கள், கேமராவை இறக்குங்கள்!

கேள்வி: ''எங்கள் கிணற்றில் 40 அடி தண்ணீர் நிற்கிறது. கேமரா வைத்த சிறிய நீர்மூழ்கி வண்டியை என் மகன் பொழுதுபோக்காகச் செய்கிறான். ஃபுட்வால்வு அடைப்பைப் பார்க்க உதவுமா?''
- வாசகர், ராசிபுரம்.

பதில்: தாராளமாக உதவும். சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் 'ரோசப் 6000' வாகனம், 2010-ல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம்வரை இறங்கியது. அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். ரேடியோ அலை தண்ணீருக்குள் அதிக தூரம் போகாது. ஆகவே, இயக்குவதும் படம் வருவதும் கேபிள் வழியாகத்தான்.

பி.வி.சி பைப் சட்டத்தில் மூன்று 12 வோல்ட் மோட்டார்கள் போதும். இரண்டு முன்னும் பின்னும் ஓட்ட, ஒன்று மேலும் கீழும் இறக்க. மின்சாரம் நின்றாலும் தானாக மிதந்து மேலே வரும்படி எடையைச் சரிசெய்யுங்கள்.

10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். எனவே, கேமரா பெட்டிக்குள் முதலில் காகிதத்தை மட்டும் வைத்து, கல் கட்டி அடிவரை இறக்குங்கள். மறுநாள் காகிதம் நனையாமல் இருந்தால் கேமராவைப் பொருத்தலாம்.

கவனம்:

* பேட்டரி மின்சாரம் மட்டுமே. வீட்டு மின்சாரம் கூடவே கூடாது.
* பம்ப்செட் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே வண்டியை இறக்குங்கள்.
* தனியாக நைலான் கயிறு கட்டுங்கள்.
* ஆழ்துளைக் கிணற்றில் விடாதீர்கள். சிக்கினால் போர் வீணாகும்.

அடைப்பு தெரிந்தால் குழாயை மேலே தூக்கிச் சரிசெய்யுங்கள். கிணற்றுக்குள் பிராணவாயு குறைந்திருந்தால் இறங்கியவர் மயங்கிவிழுவார். காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். உங்கள் மகனின் வண்டி ஓர் ஆள் இறங்குவதைத் தவிர்த்தாலே செய்த செலவு வீண்போகாது.