குடுவைக்குள் பால்வெட்டு

"இனி மரமும் வேண்டாம், பால் வெட்டும் ஆளும் வேண்டாம், செடியின் உயிரணுக்களைத் தொட்டியில் வளர்த்து வேண்டிய சரக்கை எடுத்துக் கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், நம் தோழர்கள் திடுக்கிடுவது இயற்கையே. ஆனால் பயப்படுமுன் விஷயம் என்னவென்று தெரிந்து கொள்ள வேண்டாமா?

செடியிலிருந்து சிறு துண்டை வெட்டி, கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் சேர்ந்த கூழில் வைத்தால் உயிரணுக்கள் பெருகுகின்றன. வேர் கிடையாது, இலை கிடையாது, வெறும் திரள். அதைத் திரவத்துக்கு மாற்றி, பெரிய எஃகுத் தொட்டியில் காற்றூட்டி வளர்க்கிறார்கள். ஜப்பானின் மிட்சுயி கம்பெனி 1983-ல் இப்படி ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தை எடுத்து விற்றது. அது உதட்டுச் சாயத்தில் சேர்ந்தது. டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கிடைத்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். இன்று அந்த மருந்தை ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிகளில் எடுக்கிறார்கள். மரம் பிழைத்தது, நல்ல காரியந்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சரக்கு பெரும்பாலும் உயிரணுவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எடுக்க வேண்டுமானால் உயிரணுவைக் கொல்ல வேண்டும். கொல்லாமல் எடுத்து, மறுபடி ஊறவிட்டு, மறுபடி எடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் மெனக்கெடுகிறார்கள். தோழர்களே, இது நாம் தினமும் விடியற்காலையில் செய்கிற வேலையல்லவா! அமேசான் காடுகளில் காஸ்டில்லா மரத்தைச் சாய்த்தே பால் எடுத்தார்கள். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவும் முறையை ரிட்லி சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் 1890-களில் வகுத்தார். அந்த முறையை நூறாண்டுக்கு மேல் கையில் காத்து வந்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்.

இன்னொன்றும் உண்டு. யூ உயிரணுக்களைச் சுரக்க வைக்க, மல்லிகை எண்ணெயில் முதலில் கண்ட ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் உயிரணுவின் வளர்ச்சி குன்றும். நமது மரத்துக்கும் மருந்து பூசுகிறார்கள். மிஞ்சினால் பட்டை வறண்டு, மங்கில் பால் விழாது. இதை நிரையில் நிற்கும் அம்மாமார் எத்தனை முறை சொன்னார்கள், எந்த நிர்வாகம் காது கொடுத்தது?

ரப்பருக்கு இப்போது ஆபத்தில்லை. உலகம் ஆண்டுக்குக் கோடி டன்னுக்கு மேல் இயற்கை ரப்பர் கேட்கிறது. கிராம் கணக்கில் விலை பேசும் மருந்துக்குத்தான் தொட்டிச் செலவு கட்டும்.

ஆனால் அவுரியின் கதையை மறக்கலாகாது. 1897-ல் ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பீகாரில் அவுரி விலை விழுந்தது. தோட்டத் துரைமார் நஷ்டத்தைத் தாங்கினார்களா? குத்தகையை உயர்த்திக் குடியானவன் தலையில் கட்டினார்கள். 1917-ல் காந்தியடிகள் சம்பாரணுக்குப் போகும்படி ஆயிற்று.

ஆகையால் விலை விழுந்த பிறகு கூக்குரலிடுவதில் பயனில்லை. புது முறை வருமுன்பே சங்கத்தை அழைத்துப் பேச வேண்டும் என்பதைச் சம்பள ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்போம். மலேசிய ரப்பர் வாரியமும் பல்கலைக்கழகங்களும் உயிரணு வளர்ப்புப் பயிற்சியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கிராணிமார் ஓர் உதவி செய்யலாம்: அறிவியல் படிக்கும் பிள்ளைகள் தங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் என்று பெயர்ப் பட்டியல் எடுத்து, கிளைச் செயலாளரிடம் இந்த மாதமே கொடுங்கள்.